வலையபட்டி ஆச்சியின் மூணு இஞ்ச் லென்ஸ்

1. நோட்டோடு வந்தவர்

"பத்தரே, இது எங்க லென்ஸ் இல்ல."

வலையபட்டி ஆச்சி இதைச் சொன்னபோது லேபில் பி.எஸ்சி. பையன்கள் பதினைந்து பேர் பிராக்டிகல் செய்துகொண்டிருந்தார்கள். ஒருத்தன் விடாமல் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

காரைக்குடிப் பக்கம் ஒரு காலேஜில் பிசிக்ஸ் லேப் மெக்கானிக்காக இருபத்தாறு வருஷம் குப்பை கொட்டியவன் நான். இப்போது அந்த வேலைக்கு வந்திருக்கும் பையன்கள், "ஏதாச்சும் அனுபவம் எழுதிக் குடுங்க சார்" என்று ஆறு மாசமாக நச்சரிக்கிறார்கள். மின்சாரம் அளக்கிற கால்வனாமீட்டரின் சுருளை முடி மாதிரி கம்பியால் சுற்றிச் சரி பண்ணியதை எழுதலாம். எழுதினால் பெருமையாகத்தான் இருக்கும். ஆனால் சரி பண்ணியதை எழுத ஆயிரம் பேர் உண்டு. நான் கெடுத்ததை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுத் தொழில் நகை வேலை. அதிலும் கல் பதிப்பதுதான் எங்கள் கைவேலை. அறுபதுகளில் தங்கக் கட்டுப்பாடு வந்து தொழில் படுத்துவிட்டதால் நான் காலேஜுக்கு வந்தேன். மெக்கானிக் ஆன பிறகும் எல்லாருக்கும் நான் பத்தர்தான்.

நகை வேலை செய்கிறவனை யாரும் முழுசாக நம்ப மாட்டார்கள், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஐயா பொன்னை உருக்கும்போது, கொடுத்தவர் எதிரே பாயைப் போட்டு உட்கார்ந்து ஊதுகுழலையே பார்த்துக்கொண்டிருப்பார். தண்ணீர் குடிக்கக்கூட எழுந்து போக மாட்டார். அப்படிப் பார்க்கப்பட்டே வளர்ந்தவன் நான். அதனால் எனக்கும் அந்தப் பார்வை ஒட்டிக்கொண்டது. லேபில் ஒரு ஸ்க்ரூ காணாமல் போனாலும் முதலில் ஆளைத்தான் தேடுவேன், ஸ்க்ரூவை அப்புறம்தான் தேடுவேன்.

2. எடை

ஆச்சி வலையபட்டிச் செட்டியார் வீட்டு மருமகள். அவருடைய டெலஸ்கோப் பித்தளைக் குழாய் வைத்தது. முன்னால் மூணு இஞ்ச் லென்ஸ். அவருடைய மாமனார் ரங்கூனிலிருந்து கப்பலில் கொண்டுவந்தது. மாமனார் அதில் பார்த்ததெல்லாம் நிலாவும் சனிக்கிரகமும்தான். ஆச்சி அப்படி இல்லை. புருஷன் பினாங்கில். இவர் வலையபட்டி வீட்டு மொட்டைமாடியில் டெலஸ்கோப்பை வைத்துக்கொண்டு, கண்ணுக்கு வெறும் மங்கலாகத் தெரிகிற இடமாகப் பார்த்துத் தேடுகிற ஆள். நெபுலா, நட்சத்திரக் கூட்டம், இந்த மாதிரி. பூசம் என்று பஞ்சாங்கத்தில் போட்டிருக்கிறதே, அது ஒரு நட்சத்திரம் இல்லை, ஒரு கூட்டம் என்று எனக்குச் சொன்னவரே அவர்தான். பார்த்ததையெல்லாம் தேதி போட்டு நோட்டில் பென்சிலால் வரைந்து வைப்பார்.

ஐப்பசி மழையில் லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடித்துவிட்டது என்று டிசம்பரில் என்னிடம் கொண்டுவந்தார். உள்ளே இரண்டு கண்ணாடி ஒட்டினாற்போல் இருக்கும். முன்னால் இருப்பது இரண்டு பக்கமும் புடைத்தது, பெயர் கிரவுன். பின்னால் இருப்பது பிளின்ட், கொஞ்சம் குழிந்தது. ரெண்டையும் கழற்றி, அவர் கண் முன்னாலேயே, லேபில் நான் வைத்திருந்த எங்கள் வீட்டு நகைத் தராசில் எடை போட்டேன். அடுத்தவர் பொருள் கைக்கு வந்தால் அவர் எதிரே எடை போட்டு எழுதி வைப்பது எங்கள் வழக்கம். நாளைக்கு ஒரு சொல் வரக் கூடாது பாருங்கள். சேர்ந்து நூற்றெண்பத்து மூன்று கிராம், மேலே நாலு குன்றிமணி. ஆச்சி சிரித்தார்.

"என்ன பத்தரே, வளையல் அழிக்கிற மாதிரி எடை போடுறீக?"

வெள்ளிக்கிழமை சோப்புத் தண்ணீரிலும் ஸ்பிரிட்டிலும் கழுவி, துணி போட்டு மூடி மேஜையில் உலர வைத்தேன். சனி, ஞாயிறு நான் லீவு. அரியக்குடியில் பங்காளி வீட்டுக் கல்யாணம். சனிக்கிழமை பிராக்டிகலுக்கு லேபைத் திறக்கச் சாவியை அருளப்பனிடம் கொடுத்துவிட்டுப் போனேன். அருளப்பன் லேப் அட்டெண்டர். இருபத்தைந்து வயது, மாதா கோயில் தெருப் பையன். மூன்று வருஷமாக டெம்பரரி. வருகிற ஜூனில் பெர்மனென்ட் ஆகப் போகிறது என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தான்.

திங்கட்கிழமை லென்ஸை மாட்டினேன். உச்சி வெயிலில் தூரத்துக் கோபுரத்தைப் பார்த்தேன். கொஞ்சம் தண்ணீர் ஓடுகிற மாதிரி இருந்தது. கானல் என்று நினைத்துக் கொடுத்தனுப்பிவிட்டேன்.

3. ரிங் டெஸ்ட்

பத்து நாள் கழித்துத்தான் ஆச்சி நோட்டோடு வந்தார். இரண்டு பக்கத்தை விரித்துக் காட்டினார். வானத்தில் மூன்று நட்சத்திரம் வரிசையாக நிற்குமே, அதற்குக் கீழே புகை படிந்தாற்போல் ஒரு நெபுலா இருக்கிறது. அதன் நடுவில் நாலு குட்டி நட்சத்திரம் நெருக்கியடித்து நிற்கும். போன வருஷப் படத்தில் நாலும் ஊசியால் குத்திய மாதிரி தனித்தனியாக இருந்தன. இந்த வாரப் படத்தில் நாலும் சேர்ந்து ஒரு பஞ்சு உருண்டை. மேகம் இல்லை, பனி இல்லை, கண் வைத்துப் பார்க்கிற ஐபீஸும் அதேதான் என்று பக்கத்திலேயே எழுதியும் வைத்திருந்தார். ஒரு நாள் பார்த்துவிட்டு வரவில்லை, நாலு நாள் பார்த்துவிட்டு வந்திருந்தார். டெலஸ்கோப்பையும் காரில் போட்டுக் கொண்டுவந்து லேபில் விட்டுவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் இருட்டியதும் டிபார்ட்மென்ட் தலைவர் மாடியில் டெலஸ்கோப்பை நிறுத்திப் பார்த்தார். அவர் செய்தது ரிங் டெஸ்ட். ஒரு பிரகாசமான நட்சத்திரத்தை வைத்துக்கொண்டு ஐபீஸைப் போகஸிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ள வேண்டும். புள்ளி விரிந்து வட்டத்துக்குள் வட்டமாகத் தெரியும். பிறகு அதே அளவு வெளியே இழுக்க வேண்டும். இரண்டு பக்கமும் ரிங் ஒன்று போல இருந்தால் லென்ஸ் யோக்கியம். அன்று ஒரு பக்கம் கம்பி மாதிரி ரிங், மறுபக்கம் வெறும் மாவு.

"மூணாந்தர லென்ஸ்ய்யா இது," என்றார் சார். "பித்தளை ரிங்கில் பெரிய கம்பெனி பேரு. உள்ளே கண்ணாடி வேற. எவனோ நல்லதை எடுத்துக்கிட்டு இதைப் போட்டிருக்கான். யார் யார் தொட்டீங்க?"

பத்தர் கையில் கொடுத்த பொருள் மாறிப்போச்சு என்று ஊரில் ஒரு பேச்சு கிளம்பினால் போதும், அப்புறம் ஏழு ஜென்மத்துக்கும் அழியாது. என் மேல் வருவதற்குள் வேறு யார் மேலாவது போகட்டும் என்று மனசு ஓடியது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான்.

ஓடிய மனசு நேரே அருளப்பனிடம் போய் நின்றது. லென்ஸ் திறந்து கிடந்த சனிக்கிழமை சாவி அவனிடம். அன்று மதியமே லேபைப் பூட்டிவிட்டு அவன் மதுரை பஸ் ஏறியதாக வாட்ச்மேன் என்னிடம் சொல்லியிருந்தார். மதுரையில் பழைய லென்ஸ், கேமரா வாங்குகிற கடைகள் உண்டு. போதாததற்கு, திங்கட்கிழமை அவன் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. கூப்பிட்டால் தலையை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு நின்றான். எனக்கு எல்லாம் அச்சுக் குத்தினாற்போல் பொருந்தியது. அத்தனையையும் சாரிடம் ஒப்பித்தேன்.

மறுநாள் சார் அவனை லேபில் வைத்தே, நாலு பேர் எதிரே கேட்டார். மதுரைக்கு ஏன் போனாய் என்றார். "சொந்த வேல சார்" என்றான். என்ன வேலை என்று மூன்று தரம் கேட்டும் அதையேதான் சொன்னான். சார் அவனை நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். டெம்பரரிதானே, கடிதம்கூடத் தேவைப்படவில்லை. அவன் தன் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு போனான். போகும்போது என்னைப் பார்த்தான். திருட்டுப் பயலுக்கு இருக்கிற திமிரைப் பார் என்றுதான் நான் நினைத்தேன்.

4. தராசு

இருபது நாள் ஆகியிருக்கும். லென்ஸ் கிடைத்ததா என்று கேட்க ஆச்சி வந்தார். ஆளைப் பிடித்து அனுப்பியாகிவிட்டது, பொருள்தான் அகப்படவில்லை என்றேன். அதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. ஆச்சி முகம் மாறிவிட்டது.

"அவந்தான்னு எப்படித் தெரிஞ்சுச்சு? அன்னைக்கு எடை போட்டீகளே, அதத் திரும்பப் போட்டுப் பாத்தீகளா?"

பரம்பரை பரம்பரையாக இதற்காகத்தானே எடை போடுகிறோம்! வீட்டில் ஒரு மோதிரம் பற்றிச் சொல் வந்திருந்தால் முதலில் தராசைத்தான் எடுத்திருப்பேன். இங்கே ஆள் முதலிலேயே கிடைத்துவிட்டதால் தராசு ஞாபகமே வரவில்லை.

ஆச்சி ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். லென்ஸைக் கழற்றித் தட்டில் வைத்தேன். நூற்றெண்பத்து மூன்று கிராம். நாலு குன்றிமணி. மூன்று தரம் போட்டேன். மூன்று தரமும் அதேதான். ஒரே அளவில் வேறு லென்ஸ் கிடைக்கலாம். ஆனால் குன்றிமணி சுத்தமாக எடை பொருந்துகிற வேறு லென்ஸ் உலகத்தில் எங்கும் கிடைக்காது. யாரும் எதையும் மாற்றவில்லை.

அப்புறம்தான் கண்ணாடியையே பார்த்தேன், ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து. ஓரம் மழமழப்பாக இருக்காது, சொரசொரப்பாக இருக்கும். அதில் பென்சில் கோடு ஒன்று, நான் அழுக்கென்று தேய்த்ததில் பாதி அழிந்து கிடந்தது. இரண்டு கண்ணாடியையும் சேர்த்தால் அந்தக் கோடு ஒன்றிலிருந்து மற்றதற்கு ஓடி V மாதிரி முடிய வேண்டும். எந்தப் பக்கம் முன்னால் வர வேண்டும் என்பதற்குக் கம்பெனிக்காரன் போட்ட அடையாளம் அது. நான் மாட்டியிருந்தபடி அது சேரவில்லை. முன் கண்ணாடியைத் திருப்பினேன். சேர்ந்துவிட்டது.

அந்தக் கண்ணாடியில் ஒரு பக்கம் புடைப்பு கொஞ்சம் அதிகம், மறுபக்கம் கொஞ்சம் கம்மி. அதிகப் புடைப்பு உள்ளே பார்த்திருக்க வேண்டும். நான் வெளியே பார்த்து வைத்திருந்தேன். ஏன் என்று யோசிக்கவே வேண்டாம். பத்து வயசிலிருந்து கல் பதித்த கை இது. எந்தக் கல்லானாலும் புடைப்பு வெளியே பார்த்துத்தான் வைக்கும். பென்சில் அடையாளத்தையும் தேய்த்தாகிவிட்டது, அப்புறம் கைக்கு யார் சொல்வது?

அன்று ஏழரை மணிக்கு மாடியில் ரிங் டெஸ்ட் செய்தோம். உள்ளேயும் வெளியேயும் ஒரே மாதிரி ரிங். நெபுலாவின் நடுவில் நாலு நட்சத்திரமும் தனித்தனியாக நின்றன. ஆச்சி பார்த்துவிட்டு என்னைப் பார்க்கச் சொன்னார். அவ்வளவு அழகான காட்சியை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"நாளைக்கே போயி அந்தப் பிள்ளையப் பாருங்க," என்று மட்டும் சொன்னார் ஆச்சி.

5. திருப்பத்தூரில்

முதலில் சாரிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, அந்த இடத்துக்குப் போன வாரமே வேறு ஆள் போட்டாயிற்று என்றார். என்னை அனுப்பிவிட்டு அவனை எடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கு மூன்று பிள்ளைகள்.

அருளப்பன் திருப்பத்தூரில் ஒரு கமிஷன் மண்டியில் மூட்டை எண்ணிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். பழைய பழக்கம். ஒரு ஓரமாகக் கூட்டிப்போய், நீ எடுக்கவில்லை, நான்தான் கண்ணாடியைத் திருப்பி மாட்டிவிட்டேன் என்று சொன்னேன். மதுரைக்கு எதற்குப் போனாய் என்று அப்போதுதான் கேட்டேன்.

இடது கண் மங்கிக்கொண்டே வந்ததாம். கண் டாக்டரைப் பார்க்கப் போயிருக்கிறான். திங்கட்கிழமை மருந்து விட்டதில் கண் கூசியதால்தான் தலையைத் திருப்பிக்கொண்டு நின்றிருக்கிறான். பெர்மனென்ட் ஆவதற்கு மெடிக்கல் பார்ப்பார்கள், கண் விஷயம் சாருக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறான்.

"உங்ககிட்டச் சொல்லிருப்பேண்ணே," என்றான். "தனியாக் கூப்பிட்டு ஒரு வார்த்த கேட்டிருந்தீகன்னா சொல்லிருப்பேன்."

உங்கள் வீட்டுக்குப் போவோம், உன் அய்யா அம்மாவிடம் நானே என் வாயால் சொல்லி மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன்.

"வேணாம்ணே. மண்டியில சம்பளம் கூடன்னு நானா வேலைய விட்டுட்டேன்னுதான் வீட்டுல சொல்லிருக்கேன். இவன் திருடலன்னு நீங்க வந்து சொன்னீகன்னா, அப்பத்தான் என்னயத் திருடன்னு சொன்னதே அவுகளுக்குத் தெரியும். வந்ததுக்குச் சந்தோசம். காப்பி சாப்பிட்டுப் போங்க."

காப்பி வாங்கித் தந்தான். குடித்தேன். அவன் மூட்டை எண்ணப் போய்விட்டான்.

லேபுக்கு வந்திருக்கும் பையன்களுக்கு நான் சொல்வது இதுதான். கழற்றும்போது அடையாளம் போடுங்கள், ஏற்கெனவே இருக்கிற அடையாளத்தைத் தேய்க்காதீர்கள். கானல் அடிக்கிற வெயிலில் லென்ஸைப் பார்த்துவிட்டுச் சரி என்று கொடுக்காதீர்கள், நட்சத்திரத்தில் பார்த்துவிட்டுக் கொடுங்கள். பொருள் கெட்டுவிட்டது என்று யாராவது வந்தால் கடைசியாக அதைத் தொட்ட கையை, அதாவது உங்கள் கையை, முதலில் சோதியுங்கள். அதற்குப் பிறகும் ஒருத்தன் மேல் சந்தேகம் இருந்தால் அவனிடமே போய்க் கேளுங்கள், தனியாக, உட்கார வைத்து. மேலே போய்ச் சொல்லாதீர்கள். சனிக்கிழமை எங்கேடா போனாய் என்று கேட்க எனக்கு அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது.