சம்பங்கியின் பதிவேட்டில் இருந்த தூக்கம்

எங்கள் ஊரின் முதல் பி.ஏ. என்ற பெருமையோடு, 1902இல், போலீஸ் இலாகா அதிகாரியாக, பதவி உயர்வுப் பட்டியலைச் சரிபார்க்கத் தங்கவயலில் ஒரு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கே ரைட்டராக இருந்த கான்ஸ்டபிள் சூசைநாதனை அன்றுதான் முதலில் பார்த்தேன். ஹெட் கான்ஸ்டபிள் பதவிக்கான பட்டியலில் அவர் பெயரே முதலில் இருந்தது.

நான் கேட்பதற்கு முன்பே அவர், அதே ஸ்டேஷனில் இருந்த கான்ஸ்டபிள் சம்பங்கியின் பதிவேட்டை எடுத்து வைத்தார்.

“சுரங்க ஷாஃப்ட் காவல்ல தூங்கினான்னு இதுல இருக்குது சார். தூங்கினது வேற சம்பங்கி. அப்பன் பேரைப் பாக்காம நான்தான் மாத்தி எழுதிட்டேன். ரெண்டு வருசமா இவனுக்குப் பதவி வரல.”

“அடித்துத் திருத்திவிடுங்கள், போதும்” என்றேன்.

“யார் தப்புன்னு எழுத வாணாமா சார்?”

பதிவேட்டில் குற்றக்குறிப்பு ஏறினால் மூன்று ஆண்டுகளுக்கு உயர்வு கிடையாது. அது தெரிந்தே தன் பதிவேட்டில் தன் பிழையை எழுதி, என் கையெழுத்துக்கு நீட்டினார். மனமில்லாமல் போட்டேன்.

சூசைநாதனுக்குப் பதில் சம்பங்கி ஹெட் கான்ஸ்டபிள் ஆனார். “யோவ் ரைட்டர், இன்னாய்யா நீ! முழிச்சிருந்தவனைத் தூங்க வெச்சே, இப்ப உனக்கு வந்ததைத் தூக்கி எனக்குக் குடுத்துட்டியே!” என்று அவர் கத்தியது ஸ்டேஷன் முழுக்கக் கேட்டது.

இந்த 1904இலும் சூசைநாதன் அங்கே ரைட்டராகவே இருக்கிறார். புதிதாக யார் வேலைக்குச் சேர்ந்தாலும், முதலில் அப்பா பெயரைக் கேட்கிறார்.