காவிக்கட்டியும் கடல் பல்லியும்

போன செவ்வாய்க்கிழமை சிவகாசியில் ஒரு பல்லிக்காக மூன்று பேர் சண்டை போட்டார்கள். நாலாவது ஆளாகப் போய் நின்றது நான். இன்னும் படபடப்பு அடங்கவில்லை!

என் பள்ளித்தோழி செல்வி லேபிள் அச்சகம் நடத்துகிறாள். எம். புதுப்பட்டி பட்டாசு முதலாளி ஒருவரின் முதல் ஆர்டர் – புதுப் புஸ்வாணத்துக்கு லேபிள். சிங்கம், புலி, மயில் எல்லாம் போட்டுச் சலித்த ஊராயிற்றே? செல்வி தேடிப் பிடித்தது, கடலுக்குள் முங்கிப் பாசி மேயும் இகுவானா என்ற பெரிய பல்லி. கன்னங்கரேல் என்று இருக்கும். முதலாளியும் சம்மதித்துவிட்டார்.

ஆனால் அவள் அச்சகத்து மெஷின்காரர் சங்கரன் இருக்கிறாரே... எந்த லேபிளானாலும் கடைக்கு வெளியிலிருந்தே தெரிய வேண்டும் என்று சிவப்பு மையைத் தூக்கலாக வைப்பார். இதிலும் வைத்து, கருப்புப் பல்லியைச் சிவப்பாக்கி, மொத்தத்தையும் அடித்து முடித்துவிட்டார்.

முதலாளி அண்ணாச்சி வந்தார், பார்த்தார். எதிர்க்கடையில் கோலத்துக்கு விற்கும் காவிக்கட்டி ஒன்றை வாங்கிவந்து தாளின் மேல் வைத்தார்.

"இதுல எது கட்டி, எது பல்லி? கருப்புன்னுதானம்மா காட்டுனீக! எனக்கு வேண்டாம்."

"கருப்பா போட்டா எவன் அண்ணாச்சி வாங்குவான்?" என்று சங்கரன் எகிற, செல்வி அவரை அடக்க... அவள் முகம் செத்துவிட்டது. அத்தனை தாளும் பழைய பேப்பர் கடைக்கா?

எனக்குக் கை சும்மா இருக்குமா? போனில் தேடினேன். ஐயோ, அதிசயம்! இணைசேரும் சீசனில் சில தீவுகளில் அந்தக் கருப்புப் பல்லிகளில் ஆண்கள் சிவந்துவிடுமாம்! படத்தைக் காவிக்கட்டி பக்கத்தில் வைத்தேன். அதே நிறம்! காவி மண்ணுக்கு இரும்புத் துரு தந்த சிவப்பு, என்றைக்கும் போகாது. பல்லிக்குச் சீசன் முடிந்தால் பழைய கருப்புதான்.

"சீசனுக்குச் செவக்குமா?" அண்ணாச்சி போனைப் பிடுங்கினார். "நம்ம பொழப்பும் தீவாளி சீசனுக்குத்தான செவக்கு! அப்ப இது நம்மூருப் பல்லில்லா!"

உடனே முகம் சுருங்கியது. "ஆனா கடல்ல முங்குதே... நமுத்த வெடின்னு ஜனம் நினைச்சிராதா?"

சங்கரன் எட்டிப் பார்த்து அடுத்த படத்தைத் தள்ளினார். பாறை முழுக்கப் பல்லிகள் வெயில் காய்ந்துகொண்டிருந்தன.

"முங்கிட்டு வந்து காயுது பாருங்க. நாம வெடிய காயப் போடுத மாதிரி."

அண்ணாச்சி சிரித்துவிட்டார். சாயங்காலமே லோடு ஏறியது. செல்வி என்னைக் கட்டிக்கொண்டாள். ஏறுக்கு மாறாகச் செய்த காரியம் சில நேரம் இப்படிக் கரை சேர்ந்துவிடுகிறது. அதில் ஒரு ஆபத்தும் உண்டு.

நேற்று செல்வி போன் செய்தாள். சங்கரன் இப்போது மயிலுக்கும் சிவப்பு ஏற்றிவிட்டாராம். கேட்டால், "அதுக்கும் எங்கனயாவது ஒரு சீசன் இருக்கும், அந்த அக்காவத் தேடச் சொல்லுங்க" என்கிறாராம்!