கைநரம்பு பார்க்கும் கிறிஸ்டோபர்

கல்யாணப் பந்தியில் எதிரே இருப்பவர் அப்பளத்துக்குக் கை நீட்டினால், கிறிஸ்டோபரின் கண் அப்பளத்தைப் பார்க்காது. அந்த முழங்கையைப் பார்க்கும். "எம்மாம் அழகான நரம்பு பாரு சார். ஊசி தானா எறங்கும்" என்பார், பக்கத்து வீட்டு வாத்தியாரான என் காதில். என் தம்பிக்குப் பெண் பார்க்கப் போன இடத்திலும் இதையே சொன்னார். நல்ல வேளை, பெண் வீட்டாருக்குப் புரியவில்லை.

மனிதர் டயாலிசிஸ் சாமான்கள் விற்பவர். ஆரணியிலிருந்து கண்ணமங்கலம் வழியாக வேலூர் வரை பைக்கில் அலைச்சல். பையில் முக்கியமாக இரண்டு சரக்கு. ஒன்று, அவசரத்துக்குக் கழுத்தில் செருகும் குழாய். மற்றது, ஃபிஸ்டுலாவில் குத்தும் ஊசி. கையின் ரத்தக்குழாய்கள் இரண்டை அறுத்து இணைப்பதுதான் ஃபிஸ்டுலா. அதில் ரத்தம் நன்றாக ஓடினால், தொட்ட விரல் கிர்ரென்று அதிரும்.

மார்க்கெட் நிலவரம் கேட்டுவிட்டால் ஆளுக்கு உற்சாகம் வந்துவிடும். "முன்னெல்லாம் முத்திப்போய்தான் வருவாங்க, குழாய் பறக்கும். இப்ப முன்னாடியே கைல போட்டுக்கினு வர்றாங்க. ஊசி ஓடுது, குழாய் தூங்கிகினு கீது." தூங்க வைத்ததில் அவருக்கும் பங்குண்டு. "கழுத்துல வோணாம், சீழ் புடிக்கும். ஜல்தியா கைல போட்டுக்கங்க" என்று பார்க்கிற நோயாளியிடமெல்லாம் தன் சரக்கையே மட்டம் தட்டுவார். மேனேஜர் போனில் கத்தினால், போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு டீ குடிப்பார்.

அவர் மனைவி ஹெப்சிபாவுக்கே சிறுநீரகம் சுருங்கிக்கொண்டு வருகிறது. இடது மணிக்கட்டில் ஃபிஸ்டுலா போட்டார்கள். வளையல் கூடாது, வாட்ச் கூடாது, அழுத்தினால் அடைத்துவிடும் என்றார் கிறிஸ்டோபர். இரண்டையும் கழற்றி வைத்தார் அந்த அம்மாள். ஆனால் எங்கள் சேவூரில் பட்டு நூலில் சிக்கெடுக்கிற பெண்கள், சிட்டம் என்கிற நூல் வளையத்தை இடது கையில் கோத்துக்கொண்டுதான் உட்காருவார்கள். ஹெப்சிபாவும் ஒரு மத்தியானம் முழுக்க அப்படியே உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம் கிறிஸ்டோபர் தொட்டபோது அதிர்வு நின்றிருந்தது.

"பட்டு இன்னாங்க, பூ மாதிரி தான கீது?" என்று கேட்டிருக்கிறார் அந்த அம்மாள். கிறிஸ்டோபர் திட்டவில்லை. என் வீட்டுக்கு வந்து அழுதார். "ஜில்லா முழுக்கச் சொல்லிகினு திரியிறேன். நம்ம ஊட்ல, சிட்டத்தக் கைல மாட்டாதன்னு சொல்லத் தோணலியே சார்."

இப்போது அதே கையில், முழங்கை மடிப்பில் இரண்டாவது. அதுவும் அடைத்தால், "நா விக்கிற குழாய்தான் சார் அவ கழுத்துல ஏறும்" என்கிறார். பகலெல்லாம் போன் செய்து, தொட்டுப் பார்க்கச் சொல்லி ஹெப்சிபாவைப் பேஜார் செய்கிறார்.

எங்கள் சர்ச்சில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். போன ஞாயிறு ஜெபத்தின்போது எல்லோரும் கண்ணை மூடினார்கள். நான் எப்போதும் பாதிதான் மூடுவேன். கிறிஸ்டோபர் மெல்ல எழுந்தார். நடுவழியைத் தாண்டி, பெண்கள் பக்கம் போய்க் குனிந்தார். ஹெப்சிபா கண் திறக்காமலே இடது கையை நீட்டினார். கிறிஸ்டோபர் முழங்கை மடிப்பில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

ஆமென் சொன்ன பிறகுதான் திரும்பி வந்தார். என் கையை இழுத்துத் தன் மடியில் வைத்து, உள்ளங்கையில் அதே இரண்டு விரலால் கிர்ரென்று அதிர்த்துக் காட்டினார்.