கூரையை அறுத்த வீராசாமி

சின்ன காஞ்சிபுரத்தில் வீராசாமியை டிரைவர் என்று யாரும் சொன்னதில்லை. ரைலி வீராசாமி என்றால்தான் தெரியும். ரைலி என்பது வக்கீல் தேவராஜன் வீட்டுக் கார். சீமையில் செய்த ஸ்போர்ட்ஸ் சலூன் ரகம். நீண்ட மூக்கு, தாழ்ந்த உடம்பு, கறுப்புத் துணி ஒட்டிய கூரை. வெள்ளைக்காரன் போன மறுவருஷம் வந்தது. மாகறலில் ஏர் ஓட்டிக்கொண்டிருந்த வீராசாமி அன்றைக்கு ஸ்டியரிங்கைப் பிடித்தவர்தான். வேறு யாரையும் தொடவிட்டதில்லை, வக்கீல் உட்பட.

நான் வக்கீலுக்கு எதிர்வீட்டுக்காரன், வீராசாமி குடியிருந்தது எனக்கு அடுத்த வீட்டில். அவர் காலையில் காரைத் துடைக்கும் அழகைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். பெண்டாட்டி பொன்னியம்மாளின் முகத்தை அந்த மனிதர் அத்தனை நேரம் பார்த்திருப்பாரா என்பதே சந்தேகம். கோர்ட்டுக்குப் போகிற வழியில் மாட்டு வண்டி குறுக்கே வந்துவிட்டால் போதும். "ஓரம் போய்யா, வண்டி வருதில்ல?" என்று கத்துவார். மாட்டு வண்டியை அவர் வண்டிக் கணக்கிலேயே சேர்த்ததில்லை.

எழுபத்து மூன்றாம் வருஷம் வக்கீல் இறந்துபோனார். பிள்ளைகள் இரண்டு பேர், ஒருவன் டெல்லியில், ஒருவன் பம்பாயில். காரைத் தம்பிக்கு விட அண்ணனுக்கு மனசில்லை, அண்ணனுக்கு விடத் தம்பிக்கு மனசில்லை. ஓட்டப்போவது யார் என்றால் இரண்டு பேருமே இல்லை. கடைசியில் ஏலம் விட்டுவிடலாம் என்று சொல்லிவிட்டு ரயிலேறினார்கள். படித்த பிள்ளைகள்!

வீராசாமிக்கு ஐம்பத்தெட்டு வயசு, ஒரு கண்ணில் புரை. புதிதாக யார் வேலை கொடுப்பார்கள்? காரை எடுக்கிறவர் கூடவே தன்னையும் எடுத்துக்கொண்டால்தான் வீட்டில் அடுப்பு எரியும். அதற்குக் கார் உள்ளூரிலேயே தங்க வேண்டும். ஊரில் கார் வாங்கக்கூடியவர்களை ஒவ்வொருவராக யோசித்துப் பார்த்துவிட்டு, கல்யாணத்துக்குப் பந்தல், லைட், பேண்டு எல்லாம் வாடகைக்கு விடும் கோதண்டபாணியிடம் போய் நின்றார்.

"நல்ல வண்டிதாம்பா. ஆனா மூடி இருக்குதே. ஜானவாச ஊர்வலத்துக்கு மாப்பிள்ளைய உள்ள குந்த வெச்சா எவன் கண்ணுக்குத் தெரியும்? மேல தொறந்திருந்தா நானே ஏலத்துல எடுத்துப்பேன். நீயே ஓட்டிக்கினு கெட" என்றார் கோதண்டபாணி.

தட்டிக்கழிக்க ஒரு சாக்குத்தான் சொன்னார் என்று எனக்குப் பட்டது. வீராசாமி அதைச் சத்தியவாக்காக எடுத்துக்கொண்டார். நேரே வக்கீலின் மனைவி ரமாமணியிடம் ஓடினார். அந்த அம்மாளுக்குக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது, வீராசாமியைப் பற்றித்தான் தெரியும். "உனக்குத் தெரியாததா வீராசாமி? சரின்னு பட்டா பண்ணிடு" என்று சொல்லிவிட்டார்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்திலிருந்து, கார் தகரத்தைத் தட்டி ஒட்டும் டிங்கர் வந்தான். ரம்பம் கூரையில் இறங்கியபோது வீராசாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனாலும் நிறுத்தச் சொல்லவில்லை. சாயங்காலம் கூரை தெருவோரத்தில் கிடந்தது. உள்ளே ஏறி உட்கார்ந்து, ராஜா மாதிரி என்னைப் பார்த்துச் சிரித்தார். இறங்கிக் கதவைச் சாத்தினார். பொருந்தவில்லை. இன்னொரு கதவும் பொருந்தவில்லை. உடம்பு முழுக்க மரச்சட்டம், அதை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்ததே அந்தக் கூரைதான்.

"மேல புடிச்சிக்கினு இருந்தத எடுத்துட்டோமில்ல, அதான் தொங்குது" என்றான் டிங்கர். அறுப்பதற்கு முன்னால் சொல்லியிருக்கலாம், படுபாவி. வீராசாமி கதவுகளைக் கயிறு போட்டுக் கட்டினார்.

ஏலத்தன்று மெட்ராஸிலிருந்து சக்ரவர்த்தி என்ற ஒருவர் வந்தார். பழைய கார்களைத் தேடித் தேடி வாங்குகிறவராம். காரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். இன்ஜினைப் போடச் சொன்னார். ஒரே தட்டலில் பிடித்து, பட்டுப்போல ஓடியது. கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டார், பிறகு கண்ணைத் திறந்து விசாரித்தார்.

"கூரையை அறுத்தது யாரு?"

"நாந்தாங்க. ஜானவாசத்துக்கு ஆகும்னு" என்றார் வீராசாமி. குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"இன்ஜினை இப்படி வெச்சிருக்கிற ஆளா அறுத்தீங்க?" என்றார் அவர். கோபமே இல்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஏலம் கேட்காமலே போய்விட்டார்.

வீராசாமி கோதண்டபாணியைத் தேடிப் பிடித்தார். அவர் கயிற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "கயிறு கட்டுன வண்டில மாப்பிள்ளைய ஏத்துனா பொண்ணு வீட்டுக்காரன் சும்மா வுடுவானா? கோச்சிக்காதபா" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் நழுவினார்.

ஒரு தரம், ரெண்டு தரம் என்று ஏலக்காரர் தொண்டை வறளக் கத்தினார். கடைசியில் கேட்டது பக்கத்துத் தாமல் கிராமத்திலிருந்து வந்த முனிசாமி என்ற விவசாயி ஒருவர்தான். "எனக்கு அச்சும் சக்கரமும் போதும்பா. மாட்டுக்கு டயர் வண்டி கட்டணும்" என்றார். மூணு தரம்.

தாமலுக்குத் தானே ஓட்டி வருவதாக வீராசாமி கெஞ்சினார். "பெட்ரோலு எதுக்கு? மாடு இருக்குதே. நீ குந்திக்கினு வளைச்சிக் குடு, போதும்" என்றார் முனிசாமி.

மாட்டைப் பூட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். நான் சைக்கிளில் கொஞ்ச தூரம் பின்னாலேயே போனேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை, மனசு கேட்கவில்லை. கூரை இல்லாததால் வீராசாமி எல்லார் கண்ணுக்கும் நன்றாகத் தெரிந்தார். ஒரு கை ஸ்டியரிங்கில், இன்னொரு கை கதவு விழாமல் பிடித்தபடி. பெண்கள் வாசலுக்கு வந்தார்கள். பிள்ளையார்பாளையத்தில் நெசவாளர்கள் தறியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். "மாப்பிள்ளை எந்த ஊருப்பா?" என்று ஒருவன் கத்தினான். தெருவே சிரித்தது. வீராசாமி மாட்டின் முதுகையே பார்த்துக்கொண்டு போனார். அதற்கு மேல் என்னால் பார்க்க முடியவில்லை, திரும்பிவிட்டேன்.

அன்று இருட்டுகிற நேரத்தில் அவர் நடந்தே வீடு வந்து சேர்ந்தார். வாசலில் காத்திருந்த பொன்னியம்மாள் கேட்டது என் காதில் விழுந்தது.

"வண்டி எடுத்தவங்க உன்னயும் சேத்துக்கினாங்களா?"

"சேத்துக்கினாங்க" என்றார் வீராசாமி. "தாமல் வரைக்கும்."