ஆறாம் வகுப்புக்கு ஓர் அறை

வாத்தியார் வேலையில் பாடம் நடத்துவதுதான் லேசு. மற்றதெல்லாம் ஊரோடு மல்லுக்கட்டுவது. என்னைப் போலக் கிராமப் பள்ளிகளில் தலைமையாசிரியராக இருந்து அவதிப்பட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அறுபதுகளின் கடைசியில் கடம்பத்தூர் பக்கம் எனக்கு வேலை. பள்ளி ஐந்தாவதோடு சரி. ஆறாவதுக்குத் திருவள்ளூருக்கு ரயிலேற வேண்டும். பையன்கள் போனார்கள், பெண்களை யாரும் அனுப்பவில்லை. அதனாலேயே ஆறாம் வகுப்பு கேட்டுக் கல்வி அதிகாரிக்கு விடாமல் எழுதிக்கொண்டிருந்தேன்.

நன்கொடை பெஞ்சு

ஊரார் பள்ளிக்குப் பொருள் கொடுத்த காலம் அது. மளிகைக் கடைக்காரர் ஒருவர் இரண்டு பெஞ்சு கொடுத்தார், தன் பெயரைப் பெரிதாக எழுதி. ஒரு நாள் காலையில் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பெஞ்சுகள் கடைக்காரரின் மச்சான் வீட்டுக் கல்யாணத்தில் இருந்தன. கேட்கப் போன என்னையும் உட்காரவைத்து இலை போட்டுவிட்டார்கள். கொடுத்ததை இப்படி எடுக்கலாமா என்றேன். கடைக்காரர் எனக்குச் சாம்பார் ஊற்றச் சொல்லிவிட்டுச் சொன்னார்:

"இஸ்கூலுக்குத்தான் குட்த்தேன், இல்லேங்கல. ஒரு கல்யாணத்துக்கு இஸ்கூலு ஒத்தாசை பண்ணக் கூடாதா வாத்யாரே?"

கேட்டதும் கொடுத்ததும்

ஊரார் ஓர் அறை கொடுத்தால் ஆறாம் வகுப்புக்கு அனுமதி என்று பதில் வந்தது. வீடு வீடாக அலைந்தேன். கடைசியில் விவசாயி முனுசாமி, வீட்டுக்கு வெளியே நெல் அடுக்கும் அறையைத் தருவதாகச் சொன்னார். அவர் மகள் சரோஜா அப்போதுதான் ஐந்தாவது தேறியிருந்தாள். கணக்கில் புலி. தேர்வு முடிந்த கையோடு அவளை மாடு மேய்க்க அனுப்பிவிட்டார்கள். இனி அவளும் படிக்கலாமே என்று எனக்கு வாயெல்லாம் பல். அதை முனுசாமியிடமே சொன்னேன்.

"ரூமுதானே கேட்டீங்க, குட்த்துட்டேன். பொண்ண அனுப்புறேன்னு நான் எப்போ சொன்னேன்?"

ஆய்வாளர் வந்த நாள்

அறையைப் பார்க்க ஆய்வாளர் பகல் ரயிலில் வருவதாகத் தகவல். காலையில் கதவைத் திறந்தால் கூரை வரை நெல் மூட்டை. அறுவடை வந்துவிட்டது, விலை ஏறும்வரை அசைக்க மாட்டேன் என்றார் முனுசாமி. அறை இல்லையென்றால் அந்த வருஷம் ஆறாம் வகுப்பும் இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

முனுசாமியின் மனைவி கன்னியம்மா இரண்டு ஆட்களைக் கூப்பிட்டு, மூட்டைகளைத் தன் வீட்டுக்கே தூக்கவைத்தார். வீடு நிறைந்து, முனுசாமியின் கட்டில் வாசலுக்கு வந்தது. ஆய்வாளர் வந்தபோது அறை சுத்தமாக இருந்தது. நெல் சுணையில் அவர் நான்கைந்து முறை தும்மினார், அவ்வளவுதான். சேரப்போகும் பிள்ளைகள் யார் என்று கேட்டார். கன்னியம்மா சரோஜாவை முன்னால் தள்ளினார். ராத்திரி நான் எங்கே படுப்பது என்று கத்திய கணவரிடம் சொன்னார்:

"நெல்லு ஊட்ல இருக்கட்டும், நீ வெளிய படு. எம் பொண்ணு உள்ள குந்திப் படிக்கட்டும்."

திறப்பு விழாவில் மாலை என்னவோ முனுசாமிக்குத்தான் விழுந்தது. கொசுக்கடியில் படுத்த மனிதருக்கு அதுவாவது கிடைக்கட்டுமே.