பெயரில்லாத டிரம்

சாவிக்காரர் என்றால்தான் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். அரசாங்கப் பூச்சிமருந்துக் கிடங்கின் சாவி அவர் இடுப்பில் ஏறியபோது அவருக்குத் தலைநிறைய முடி இருந்தது. இப்போது சாவி மட்டும் அப்படியே இருக்கிறது. வயதானதும் ஓய்வு கொடுத்தார்கள், கைகுலுக்கினார்கள், ஒரு சுவர்க் கடிகாரமும் பரிசாகத் தந்தார்கள். சாவியை மட்டும் வாங்கிக்கொள்ளவில்லை. கையெழுத்துப் போட்டு யார் அதை வாங்குகிறாரோ, உள்ளே இருப்பதெல்லாம் அவர் பொறுப்பு. எந்தப் புத்திசாலி கையெழுத்துப் போடுவான்? அடுத்தடுத்து நியமித்த இரண்டு பேரும் உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் கம்பி நீட்டினார்கள்.

உள்ளே இருந்தது விஷம். எப்போதோ வெட்டுக்கிளி வருகிறது என்று யாரோ கிளப்பிவிட, வெளிநாட்டிலிருந்து இலவசமாக வந்து இறங்கிய மருந்து. வெட்டுக்கிளி வரவில்லை, மருந்து வந்துவிட்டது. பிறகு உலக நாடுகள் உட்கார்ந்து பேசி, அதையெல்லாம் எந்த வயலிலும் அடிக்கக் கூடாது என்று ஒப்பந்தம் போட்டன. நல்ல ஒப்பந்தம்தான், வாய்கூசாமல் குறை சொல்ல முடியாது. ஆனால் அடிக்கக் கூடாதது போலவே விற்கவும் கூடாது, புதைக்கவும் கூடாது, கண்ட சூளையில் போட்டு எரிக்கவும் கூடாது. அதற்கென்று இருக்கிற உலை கடலுக்கு அப்பால் இருந்தது. அங்கே அனுப்ப வேண்டுமானால் எரிக்கிற நாடும், வழியில் கப்பல் நிற்கிற நாடுகளும் எழுத்தில் சம்மதம் தர வேண்டும். ஒன்று தலையாட்டினால் இன்னொன்று யோசித்தது. அவை ஆற அமர யோசித்து முடிக்கும்வரை சாவிக்காரர் காவல்.

"கதவைப் பூட்டிட்டு சாவியைத் தூக்கி வீசிட்டு வாங்களேன்," என்று மனைவி சொல்லாத நாளில்லை. ஆனால் அவர் ஏன் வரமாட்டார் என்பதும் அவளுக்குத் தெரியும். ஒருமுறை அவர் காய்ச்சலில் படுத்திருந்தபோது, யாரோ பின்சுவர் ஏறி ஒரு காலி டிரம்மைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டு வாசலில் அது தண்ணீர் தளும்ப நின்றது. ஒரு பெண் அதிலிருந்து மொண்டு மொண்டு தன் குழந்தையின் காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். சாவிக்காரர் காய்ச்சலோடு ஓடிப்போய் டிரம்மைக் கவிழ்த்தார். தண்ணீர் போனதே என்று அந்தத் தெருவே அவரை வாய்க்கு வந்தபடி ஏசியது. அன்றிலிருந்து அவர் கிடங்கை விட்டு ஒரு நாளும் நகரவில்லை.

இதற்கிடையில் தூரத்து ஊரில் இருந்த மகளுக்குக் குழந்தை பிறந்தது. துணைக்குப் போன மனைவி அங்கேயே தங்கிவிட்டாள். பேத்தியை அவர் போனில்தான் பார்த்தார்.

"மூக்கு அப்படியே உங்க மூக்குப்பா," என்றாள் மகள்.

"பாவம், அதுக்கு வேற மூக்கே கெடைக்கலையா?" என்றார். போனை வைத்த பிறகு அழுகை வந்தது. அந்த மூக்கைத் தொட்டுப் பார்க்க அவருக்கு அவ்வளவு ஆசை.

ஒருவழியாக எல்லா நாடுகளும் சம்மதித்தன. வெள்ளை உடுப்பும் முகமூடியுமாக ஒரு குழு வந்து இறங்கியது. சாவிக்காரர் மகள் ஊருக்கு டிக்கெட் எடுத்தார், பேத்திக்கு ஒரு கிலுகிலுப்பை வாங்கினார், பையைக் கட்டிக் கிடங்கு வாசலில் வைத்துவிட்டார். லாரிகள் ஒவ்வொன்றாக நிரம்பின. மருந்து பட்டதெல்லாம் மருந்துதான் என்பது விதியாம். கையுறை, துடைப்பம், ஊறிப்போன மண், அவர் உட்கார்ந்து தேய்த்த நாற்காலி வரை மூட்டை கட்டினார்கள். கடைசி மூலையில் துருவே பிடிக்காத ஒரு டிரம் நின்றது.

"இதுல என்ன இருக்கு ஐயா?" என்று குழுவின் தலைவி கேட்டாள்.

சாவிக்காரர் முகம் மலர்ந்தது. இதை யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் அவர் இருந்தார். "அது என் கைவேலைம்மா. ஒரு மழையில ரெண்டு டிரம் அடியில ஒழுக ஆரம்பிச்சுது. பக்கத்துலயே அடிபம்பு. ஆபீசுக்குப் போன் போட்டா எடுக்க ஆளில்ல. நல்ல டிரம் ஒண்ணுதான் தேடிப் பிடிக்க முடிஞ்சுது. ரெண்டையும் அதுலயே ஊத்தி மூடிட்டேன். ஒரு சொட்டு கீழ போகலம்மா!"

"ரெண்டும் ஒரே மருந்தா?"

"இல்லம்மா. ஒண்ணு பால் மாதிரி, ஒண்ணு எண்ணெய் மாதிரி. எதுவா இருந்தா என்ன, ரெண்டும் விஷம்தானே?"

அவள் பேனாவை மூடினாள். முகமூடிக்கு மேலே தெரிந்த கண்களில் கோபம் இல்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

"ஒவ்வொரு மருந்துக்கும் அது பேரைச் சொல்லித்தான் சம்மதம் வாங்கியிருக்கோம். கலந்துபோனதுக்குப் பேர் கிடையாதுய்யா. பேரில்லாததை ஏத்தினா நடுவழியில பிடிச்சு மொத்தச் சரக்கையும் திருப்பிடுவாங்க."

"அப்ப ஒழுகவிட்டிருக்கணுமா?"

"சத்தியமா இல்ல. நானா இருந்தாலும் இதைத்தான் செஞ்சிருப்பேன்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "ஏதாவது ஒரு பேரை எழுதிடேன்மா. யாருக்குத் தெரியப் போவுது?"

"அங்க உலைக்கிட்ட இதைத் திறக்கிறவனுக்கு உள்ள என்ன இருக்குன்னு தெரியாது. அதனாலதான் எழுத முடியாது."

சாவிக்காரருக்கு அந்தக் குழந்தையின் ஈரக் கால் நினைவுக்கு வந்தது. அதற்குமேல் அவர் கெஞ்சவில்லை. இந்த ஒன்றைத் தனியாகச் சோதித்து, தனியாகச் சம்மதம் கேட்க வேண்டும் என்றாள். எல்லா நாடுகளிடமும், மறுபடி முதலிலிருந்து. ஆபீசில் இந்தமுறை போனை எடுத்தார்கள். "ஒரே ஒரு டிரம்தானே, நீங்களே பாத்துக்குங்க," என்று கை கழுவினார்கள்.

லாரிகள் போய்விட்டன. அத்தனை பெரிய கிடங்கில் அந்த டிரம்மும் அவரும்தான். உட்கார நாற்காலிகூட இல்லை. போன் அடித்தது.

"அப்பா, கெளம்பிட்டீங்களா? உங்க பேத்தி தவழ ஆரம்பிச்சுட்டா!"

"எல்லாம் போயிடுச்சும்மா. ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி."

"ஒண்ணுதானே? அப்ப சரி," என்று மகள் சந்தோஷமாகச் சிரித்தாள். "முடிச்சுட்டு வாங்க. அவ நடக்கிறதுக்குள்ள வந்துடணும், ஆமா."

"வந்துடறேன்மா," என்றார்.

கதவை இழுத்துப் பூட்டினார். வழக்கம்போலப் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். வாசலில் இருந்த பையை மறுபடி வீட்டுக்கே கொண்டுபோகத் தூக்கியபோது உள்ளே கிலுகிலுப்பை சத்தம் போட்டது. மற்ற டிரம்களெல்லாம் துருப்பிடித்து ஒழுகின, அதனாலேயே ஒருநாள் போயும் விட்டன. இது அவரே தேடிப் பிடித்த நல்ல டிரம். அவர் காலத்துக்குப் பிறகும் இது உறுதியாக நிற்கும்.