பிளக்கைப் பிடுங்கின பிறகு

தம்பி இறந்ததிலிருந்து பரணில் கிடந்த அவனுடைய, கிட்டார் சத்தத்தை விதவிதமாக மாற்றித்தரும் எஃபெக்ட்ஸ் பெட்டியைப் போன ஞாயிறு சர்ச் முடிந்து வந்து இறக்கினேன். அடாப்டரைச் செருகியதும் திரை எரிந்தது. ஒவ்வொரு பாட்டுக்கும் அவன் திருகித் திருகிச் சேமித்துவைத்த சத்தங்கள் அப்படியே இருந்தன. நான் பாடும்போது வாசிக்கிறதுக்கு 'அக்கா' என்றே பேர் வைத்திருந்தான். அதைத் தேர்ந்தெடுத்து, கிட்டாரை மாட்டி ஒரு கம்பியைத் தட்டினேன். அவன் பக்கத்து அறையில் இருந்தான்.

உள்ளே பேட்டரி தீரப்போகிறது என்று திரை மினுக்கியது. மாற்றிவிடலாமென்று ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். "பிளக்கப் பிடுங்காம எதையும் தொறக்காதக்கா" என்று உயிரோடிருந்தவரைக்கும் திட்டுவான். பிடுங்கினேன். புது பேட்டரியைப் போட்டு மறுபடி கரண்ட் கொடுத்தால், கம்பெனி வைத்த பேர்கள்தான் வந்தன. 'அக்கா' இல்லை.

திண்டுக்கல்லில் இருக்கிற கிட்டார் ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவன் சேமித்ததையெல்லாம் அந்தப் பழைய பேட்டரிதான் பிடித்துவைத்திருந்ததாம். கரண்ட் ஓடும்போதே மாற்றியிருக்கணுமாம்.

கடைக்காரர் எல்லாக் குமிழையும் திருகிப் பார்த்தார். "ஒண்ணும் கெட்டுப்போகலம்மா. வாங்குன அன்னைக்கு இருந்த மாதிரியே இருக்கு" என்றார்.

அவரை அறையலாம் போலிருந்தது.